வெளிச்சப் பெட்டியில் ஒரு சக்கரம்

பிஸ்கட் வந்த அட்டைப்பெட்டி. இடம், வலம், பின்புறம் என்று மூன்று பக்கத்திலும் சதுரமாகச் சன்னல் வெட்டியாயிற்று. முன்பக்கம் முழுக்கத் திறப்பு. மேல்பக்கத்தில் போன் கேமராவின் கண் மட்டும் எட்டிப் பார்க்கிற அளவுக்கு ஒரு துளை. சன்னல்களைச் சுற்றி இரண்டு விரற்கடை அகலத்துக்கு அட்டையை விட்டிருக்கிறார்கள். பெட்டி தளராமல் நிற்பது அந்த விளிம்புகளால்தான். பேத்தி ஸ்டீல் ஸ்கேலை அழுத்திப் பிடித்து, கட்டர் பிளேடை ஒரே இழுப்பாக இழுக்கிறாள். பெரியவர் எதிரில் சம்மணமிட்டு, பெட்டி நகராமல் இரண்டு கையாலும் பிடித்திருக்கிறார்.

"மதி மக்ளே. இன்னும் வெட்டினா பெட்டி நிக்காது."

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில், பலசரக்குக் கடை ஒன்றின் மாடி அறை இது. கீழேயிருந்து வத்தலும் மல்லியும் கலந்த நெடி படியேறி வருகிறது. வெளியே இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் உண்டாக்கிய சந்தை. நாகர்கோவில் பக்கத்திலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வந்த தமிழ் வியாபாரிகள் தலைமுறை தலைமுறையாகக் கடை போட்ட தெரு. எழுத்தாளர் ஆ. மாதவன் இங்கே கடை நடத்திக்கொண்டேதான் இந்தத் தெருவின் மனிதர்களைக் கதைகளாக எழுதினார். பெரியவரின் குடும்பமும் அப்படி நாஞ்சில் நாட்டிலிருந்து வந்ததுதான். கடையை மகன் பார்த்துக்கொள்கிறார். மாடி அறை இவருக்கும், கல்லூரியில் படிக்கும் பேத்திக்கும்.

ஓரத்தில் சாக்கு மூட்டைமேல் உட்கார்ந்திருக்கிற என்னை இருவரும் மறந்துவிட்டார்கள். எனக்கும் அதுதான் வேண்டும்.

பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பழைய தகர டின். அதற்குள்தான் விஷயம் இருக்கிறது. திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் நாணயங்கள். பெரியவரின் அப்பா கல்லாவில் மிச்சம் கிடந்தவை, பாட்டியின் சுருக்குப்பையில் தங்கியவை, வீடு பிரித்தபோது சுவர்மாடத்தில் கிடைத்தவை. விலைக்கு வாங்கியது ஒன்றுகூட இல்லையாம். ஒவ்வொன்றையும் இரண்டு பக்கமும் படமெடுத்து, அளவும் எடையும் எழுதி வைக்க வேண்டும் என்பது பேத்தியின் யோசனை. மேசைமேல் வைத்து போனில் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். போனின் நிழல் நாணயத்தில் விழுகிறது, டியூப்லைட் ஒரு வெள்ளைக் கோடாக அதில் மின்னுகிறது. அதனால்தான் இந்தப் பெட்டி.

டின்னைத் திறந்தபடி பெரியவர் வாய்ப்பாடு சொல்கிறார். பதினாறு காசு ஒரு சக்கரம். நாலு சக்கரம் ஒரு பணம். ஏழு பணம் ஒரு ரூபாய். ஆக, ஒரு திருவிதாங்கூர் ரூபாய்க்கு 28 சக்கரம், 448 காசு. வெள்ளைக்காரன் ரூபாய் என்றால் 28 சக்கரத்தோடு இன்னும் எட்டுக் காசு சேர்க்க வேண்டும். அந்த அரைச் சக்கரம் எத்தனை கடைக்காரர்களைத் தூங்கவிடாமல் அடித்திருக்கும்! இரண்டு நாணயமும் ஒரே கல்லாவில் விழுந்த ஊர் அல்லவா. பெரியவருக்கு இந்தக் கணக்கு அப்பாவிடமிருந்து வந்தது. அவர் பேரேட்டில் ரூபாய், பணம், சக்கரம், காசு என்று நாலு பத்தி போட்டிருப்பாராம்.

சன்னல்களை மூட முதலில் எடுத்தது பாட்டியின் பழைய நேரியது. பாலராமபுரம் கைத்தறி, நூல் மெலிந்து சல்லடையாகிவிட்ட துணி. வெளிச்சத்தை விரிக்க இதைவிட நல்லது கிடைக்காது என்று பெரியவர் ஆசையாகத்தான் எடுத்துக் கொடுத்தார். விளக்கைப் போட்டதும் பெட்டிக்குள் இதமான ஒளி பரவியது. படத்தைப் பார்த்தால் செம்பு நாணயம் அளவுக்கு மீறிச் சிவந்திருந்தது, வெள்ளைத்தாள் வெண்ணெய் நிறத்தில் இருந்தது. வெளுக்காத நூலில் நெய்த கோரா துணி அது. வழியில் வந்த வெளிச்சத்துக்குத் தன் நிறத்தையும் கொடுத்து அனுப்புகிறது. பேத்தி துணியை மடித்து மரியாதையாக அலமாரியில் வைத்துவிட்டு, டிரேசிங் பேப்பரை எடுத்தாள். என்ஜினியரிங் மாணவர்கள் வரைபடத்துக்கு வாங்குகிற அதே தாள்தான். நிறமும் இல்லை, நெசவும் இல்லை. செல்லோடேப் போட்டு, சுருக்கம் விழாமல் இழுத்து ஒட்டினாள்.

விளக்கு, வீட்டில் ஏற்கெனவே இருந்தது. கேரள மின்சார வாரியம் 'ஃபிலமென்ட் இல்லாக் கேரளம்' என்ற திட்டத்தில் வீடுகளுக்குக் கொடுத்த 9 வாட் எல்.இ.டி. பல்புகள். பழைய குண்டு பல்பாக இருந்தால் இந்தப் பெட்டியை இவ்வளவு நிம்மதியாகச் செய்ய முடியாது. 100 வாட் குண்டு பல்பு தனக்குக் கிடைத்த மின்சாரத்தில் பெரும்பகுதியைச் சூடாகவே வெளியேற்றும். தாளும் அட்டையும் பக்கத்தில் இருந்தால் ஆபத்து. எல்.இ.டி. வந்த பிறகுதான் வீட்டில் யாரும் பயமில்லாமல் இப்படி ஒரு பெட்டி செய்துகொள்ள முடிகிறது.

இரண்டு பல்பும் ஒரே வகையாக இருக்க வேண்டும் என்பதில் பேத்தி கறார். ஒன்று 6500 கெல்வின் வெள்ளை, இன்னொன்று 2700 கெல்வின் மஞ்சள் என்றால், நாணயத்தின் ஒரு கன்னம் நீலம், மறு கன்னம் ஆரஞ்சு. மென்பொருளில் ஒரே திருத்தத்தால் இரண்டையும் ஒருசேரச் சரிசெய்ய முடியாது. அறையின் சன்னலையும் சாத்தச் சொன்னாள். மழைநாள் வெளிச்சம் ஒரு நிறம், பல்பு ஒரு நிறம்.

"காத்து வராதே பிள்ளே."

"பத்து நிமிஷம் பொறுங்க தாத்தா."

முதல் படத்தில் வெள்ளைத்தாள் அழுக்குச் சாம்பலாக வந்தது. கேமராவின் வெளிச்ச அளவி எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே எடுத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது. எதிரே இருப்பது வெள்ளைத்தாள் என்று அதற்கு நாம்தான் சொல்ல வேண்டும். பேத்தி திரையைத் தொட்டு, சூரியன் அடையாளத்தை மேலே தள்ளினாள். சாம்பல் வெளுத்தது. அடுத்த தொல்லை, படத்தின் குறுக்கே மங்கலான பட்டைகள். நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி. அதனால் மலிவான எல்.இ.டி. விநாடிக்கு 100 முறை கூடிக் குறைந்து எரிகிறது. கண்ணுக்குத் தெரியாத இந்தத் துடிப்பை, வரிவரியாகப் படம் பிடிக்கிற போன் கேமரா பிடித்துவிடுகிறது. ஷட்டரை ஐம்பதில் ஒரு விநாடிக்கு வைத்ததும் பட்டைகள் போய்விட்டன. விரல் பட்டு போன் அசையாமல் இருக்க இரண்டு விநாடி டைமர். இதையெல்லாம் அவள் ஒரு வார்த்தை பேசாமல் செய்தாள்.

பெட்டிக்குள் வைத்தது ஒரு செம்புச் சக்கரம். சித்திரைத் திருநாள் பாலராமவர்மா காலத்தது. ஒரு பக்கம் மகாராஜாவின் தலை, மறுபக்கம் சங்கு. கொல்லம் ஆண்டு 1114. நம் கணக்கில் 1938-39. நேராகத் தாளில் வைக்காமல், மாத்திரை பாட்டிலின் மூடிமேல் நாணயத்தை உயர்த்தி வைத்திருந்தாள். அப்படி வைத்தால் நாணயத்தின் நிழல் தாளில் ஒட்டி விழாது. பின்புலமும் கூர்மை இழந்து வெறும் வெள்ளையாகிவிடும். போன் நாணயத்துக்கு நேர்மேலே இருக்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் வட்டம் முட்டை வடிவமாகிவிடும்.

படம் வந்தது. நிழல் இல்லை, மினுக்கம் இல்லை, பின்னால் தூய வெள்ளை. இணையத்தில் விற்பனைக்குப் போடுகிற படம்போல எல்லாம் சுத்தமாக இருந்தது. பேத்தி முகத்தில் சிரிப்பு.

பெரியவர் போனை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"கொள்ளாம். ஆனா சங்கு எங்க மக்ளே?"

சங்கு இருந்தது. சங்கின் வெளிக்கோடு இருந்தது. ஆனால் தேய்ந்த செம்பில் மிச்சமிருந்த அந்த மயிரிழை மேடு, புரிவளையங்கள், வாய்ப்பகுதியின் வளைவு எல்லாம் போயிருந்தன. கையில் பிடித்து விளக்கடியில் சாய்த்தால் தெரிகிற சங்கு, படத்தில் தட்டையான பழுப்புக் கறையாகக் கிடந்தது.

வெளிச்சப் பெட்டி என்றால் நிழலை ஒழிக்கிற பெட்டி என்றே பெரும்பாலும் சொல்லித் தருகிறார்கள். செருப்புக்கும் கைக்கடிகாரத்துக்கும் பொம்மைக்கும் அது சரி. நாணயத்துக்கு அது பாதி உண்மைதான். நாணயத்தின் மேடு பள்ளமெல்லாம் மில்லிமீட்டரில் சிறு பங்கு. அந்த மேட்டைக் கண்ணுக்குக் காட்டுவது அதன் ஒரு பக்கத்தில் விழுகிற மெல்லிய நிழல் மட்டுமே. எல்லாப் பக்கமும் ஒரே அளவு வெளிச்சம் கொடுத்தால் அந்த நிழலும் போகும், அதோடு சங்கும் போகும். எத்தனையோ விரல்கள் தேய்த்தும் அழியாமல் நின்றதை நாம் ஒரு நல்ல விளக்கால் அழித்துவிடலாம். அந்த அறையில் அன்று நான் கற்றுக்கொண்ட பெரிய பாடம் இது.

பேத்தி வலப்பக்க பல்பை அணைத்தாள். சங்கின் ஒரு ஓரம் லேசாகக் கறுத்தது. போதவில்லை. வலப்பக்கச் சுவரின் வெள்ளை டிரேசிங் பேப்பர் இடப்பக்க வெளிச்சத்தை வாங்கித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. அந்தச் சுவரில் ஒரு கறுப்பு சார்ட் பேப்பரைச் சாய்த்து வைத்தாள். கறுப்பு வெளிச்சத்தைக் குடித்துவிடும், திருப்பித் தராது. பிறகு இடப்பக்க பல்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்த்தினாள். வெளிச்சம் நாணயத்தின் தலைமேலிருந்து விழாமல், அதன் முகத்தைத் தடவிக்கொண்டு போகத் தொடங்கியது.

மேட்டுக்கு மேடு ஒரு கீற்று வெளிச்சம், பின்னால் ஒரு கீற்று நிழல். சங்கின் புரிகள் ஒவ்வொன்றாக எழுந்தன. முதல் புரி முழுதாக இருந்தது. இரண்டாவது நடுவில் தேய்ந்திருந்தது. உச்சியில், விரல் அதிகம் பட்ட இடத்தில், வழவழவென்று ஒன்றுமே இல்லை. விளிம்பில் எங்கோ கீழே விழுந்து நசுங்கிய ஒரு பள்ளம். எழுத்துகளின் கால்களுக்கிடையே கறுப்பாக அடைந்திருந்த அழுக்குகூட வந்துவிட்டது. கண்ணால் இத்தனை நாள் பார்த்தும் காணாத ஒன்றையும் பெரியவர் கண்டுபிடித்தார். சங்குக்குப் பக்கத்தில், யாரோ ஊசிமுனையால் சுரண்டிய மாதிரி ஒரு சின்னக் கீறல். வேண்டுமென்றே போட்டதா, தற்செயலா என்று சொல்ல முடியாது. பெரியவர் அதை விரலால் காட்டினார், ஒன்றும் சொல்லவில்லை.

அப்போது இன்னொன்று நடந்தது. பேத்தி படத்தைத் தலைகீழாகத் திருப்பினாள். சட்டென்று சங்கு உள்ளே அமுங்கிவிட்டது! மேடாக நின்றது பள்ளமாகத் தெரிகிறது. திரும்பத் திருப்பினால் மேடு. பெரியவர் இரண்டு மூன்று முறை திருப்பித் திருப்பிப் பார்த்தார். இது போனின் தவறு இல்லை, நாணயத்தின் தவறும் இல்லை. வெளிச்சம் மேலிருந்துதான் வரும் என்று நம் மூளை பிறந்ததிலிருந்து பழகியிருக்கிறது. சூரியன் அங்கேதானே இருக்கிறது. கீழிருந்து வந்த வெளிச்சத்தையும் மேலிருந்து வந்ததாகவே எடுத்துக்கொண்டு மேட்டைப் பள்ளமாக்கிவிடுகிறது. அதனால் நாணயத்தைப் படமெடுப்பவர்கள் விளக்கை எப்போதும் படத்தின் மேல்பக்கமாக, கடிகாரத்தின் பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையில் வருமாறு வைப்பார்கள். பேத்தியும் நாணயத்தைத் திருகி, சங்கின் தலை பல்பைப் பார்க்கும்படி வைத்தாள்.

அடுத்து வெள்ளிச் சக்கரம். சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. ஊதினால் பறந்துவிடுமோ என்று பயப்படுகிற எடை. பெரியவர் அதை ஈரவிரலில் ஒட்டி எடுத்து வைத்தார். செம்புக்குப் பொருந்திய வெளிச்சம் இதற்குப் பொருந்தவில்லை. வெள்ளி பளபளத்த இடம் வெளிறிப்போனது, மற்ற இடம் இருண்டது. பேத்தி போட்டோ சட்டத்திலிருந்து ஒரு கண்ணாடியைக் கழற்றி, நாணயத்துக்குமேல் 45 டிகிரியில் சாய்த்து நிறுத்தினாள். பக்கத்து பல்பின் வெளிச்சம் கண்ணாடியில் பட்டு நேர்கீழே இறங்குகிறது. கேமரா அதே கண்ணாடி வழியாக மேலிருந்து பார்க்கிறது. பல்பு நேரடியாக நாணயத்தைத் தொடாதபடி இடையில் ஒரு கறுப்பு அட்டை. கேமராவின் கண் இருக்கிற திசையிலிருந்தே வெளிச்சமும் வருவதால், வெள்ளியின் தட்டையான பரப்பெல்லாம் ஒருசேர ஒளிர்ந்தது. புள்ளிகளின் சரிவுகள் மட்டும் கறுத்து நின்றன. காசு கொடுத்து வாங்கிய பொருள் இதில் எதுவும் இல்லை. கண்ணாடிச் சட்டத்தில் முன்பு யார் படம் இருந்தது என்று பெரியவர் கேட்கவில்லை.

இவ்வளவு சின்ன நாணயத்தை அந்தக் காலத்தில் எப்படித்தான் எண்ணினார்கள்? கடைசியாகப் பெரியவர் வெளியே எடுத்தது அதற்கான விடைதான். ஒரு சக்கரப் பலகை. உள்ளங்கை அகலத்தில் ஒரு கைப்பிடிப் பலகை, அதில் வரிசை வரிசையாகக் குழிகள். ஒவ்வொரு குழியும் ஒரு வெள்ளிச் சக்கரம் படுக்கிற அளவு. நாணயக் குவியலைப் பலகைமேல் கொட்டி, லேசாகக் குலுக்கி, மிச்சத்தை உள்ளங்கையால் வழித்துத் தள்ளினால் குழிக்கு ஒன்றாகச் சக்கரம் படுத்திருக்கும். பலகை நிறைந்தால் இத்தனை சக்கரம் என்று கணக்கு முடிந்தது. விரலால் ஒவ்வொன்றாக எண்ணியிருந்தால் சமஸ்தானத்து வரி வசூல் ஓர் ஆண்டில் முடிந்திருக்காது.

பலகைக்காகப் பெட்டியை மாற்றினார்கள். வெள்ளை சார்ட் பேப்பரைப் பின்சுவரின் உச்சியில் கிளிப் போட்டு மாட்டி, மடிப்பு விழாமல் வளைத்துத் தரையில் படரவிட்டாள். சுவரும் தரையும் சேர்கிற மூலை மறைந்தது. வலப்பக்கக் கறுப்புத் தாளை எடுத்து, இரண்டு பல்பையும் போட்டாள். இப்போது முன்பக்கத்திலிருந்து எடுத்தால் பலகை எல்லையில்லாத வெள்ளையில் நிற்கிறது. மரத்தின் ரேகை, கைப்பிடியில் ஏறிய எண்ணெய்ப் பளபளப்பு, குழிகளின் விளிம்பு எல்லாம் தெளிவு. ஒரு குழியில் மட்டும் பெரியவர் அந்த வெள்ளிச் சக்கரத்தை வைத்தார். சரியாகப் பொருந்தியது.

2011 ஜூனில், இங்கிருந்து நடக்கிற தூரத்தில், உச்ச நீதிமன்ற உத்தரவின்படி பத்மநாபசுவாமி கோயிலின் நிலவறை திறக்கப்பட்டபோது உலகமே இந்த ஊரைப் பார்த்தது. பொற்காசுகளைப் பற்றி எழுதாத பத்திரிகை இல்லை. நியாயம்தான். ஆனால் கோயிலுக்குக் காணிக்கையாகப் போன பொன் ஒரு வரலாறு என்றால், மல்லி வாங்கவும் வண்டிக்கூலி கொடுக்கவும் கைமாறிய செம்பு இன்னொரு வரலாறு. இரண்டாவதுக்குக் காவலும் இல்லை, பட்டியலும் இல்லை. நெடுமங்காட்டில், உமையம்மை ராணியின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுகிற கோயிக்கல் அரண்மனையில் தொல்லியல் துறை ஒரு நாணய அருங்காட்சியகம் வைத்திருக்கிறது. போய்ப் பார்க்க வேண்டிய இடம். ஆனாலும் எந்த அருங்காட்சியகமும் வீட்டு டின்களுக்குள் வந்து பார்க்கப் போவதில்லை. 1949-இல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தன. 1956 நவம்பர் 1-இல் கன்னியாகுமரி, இன்றைய தமிழ்நாடான சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. 1957-இல் நயாபைசா வந்தது. எல்லையும் கணக்கும் மாறிய எட்டே ஆண்டில் சக்கரம் தெருவிலிருந்து மறைந்து, இரண்டு மாநிலத்து வீடுகளின் பரண்களில் போய்த் தங்கிவிட்டது.

பேத்தி ஒரு நோட்டில் எழுதுகிறாள். வரிசை எண், விட்டம், எடை, ஆண்டு, எங்கே கிடைத்தது, யார் வைத்திருந்தது. கடைசிப் பத்தியைப் பெரியவர் சொல்லச் சொல்ல நிரப்புகிறாள். படத்தில் நாணயத்துக்குப் பக்கத்தில் மில்லிமீட்டர் ஸ்கேல் ஒன்று வருமாறு தனியாக இன்னொரு படம். முன்பக்கமும் பின்பக்கமும் எடுக்கும்போது விளக்கை நகர்த்துவதில்லை. நகர்த்தினால் இரண்டு பக்கமும் இரண்டு நாணயமாகத் தெரியும்.

நாணயத்தை எடுக்கும்போதெல்லாம் இருவரும் விளிம்பை மட்டும் பிடிப்பதைக் கவனித்தேன். கீழே கடையிலிருந்து டீ கொண்டுவந்த பையன், ஒன்றை எடுத்து வேட்டியில் தேய்க்கப் போனபோதுதான் பெரியவர் குரல் உயர்ந்தது.

"தேய்க்காண்டாம்லே! வச்சிரு!"

நாஞ்சில் நாட்டிலும் திருவனந்தபுரத்திலும் பழைய வீடு உள்ளவர்களிடம் ஒரு வேண்டுகோள். அரிசிப்பானையின் அடியிலோ பூஜை அறைத் தட்டிலோ சங்கு போட்ட நாணயம் கிடைத்தால், பளபளப்பாக்க வேண்டும் என்று புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்காதீர்கள். செம்பின்மேல் படிந்த பழுப்புத்தான் அதற்குக் கவசம். அதைத் தேய்த்து எடுத்தால் எழுத்தும் போகும், மதிப்பும் போகும், திரும்ப வராது. ஒரு அட்டைப்பெட்டி, மூன்று டிரேசிங் பேப்பர், ஒரே நிறத்தில் இரண்டு பல்பு, ஒரு கறுப்புத் தாள் போதும். இரண்டு பக்கமும் படமெடுங்கள். யாரிடமிருந்து வந்தது என்று அந்த வீட்டுப் பெரியவரிடம் கேட்டு, படத்தோடு சேர்த்து எழுதி வையுங்கள். நாணயம் டின்னில் இன்னும் நூறு வருடம் இருக்கும். சொல்லக்கூடியவர்களிடம் இப்போதே கேட்டுவிடுங்கள்.